உம்மா கையில் மட்டும்

9 பிப்ரவரி 1991, சனி

மதினி, அஸ்ஸலாமு அலைக்கும். நேரம் கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். மணி ஒன்றரை ஆகிவிட்டது. குழந்தை இப்போதுதான் கண்ணை மூடினாள். இதைவிட்டால் எனக்கு வேறு நேரம் இல்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கத்தின் மேல் பழியைப் போடுங்கள்.

தந்தியில் உங்கள் தம்பி நாலு வார்த்தைதான் சொல்லியிருப்பார். முழுவதும் சொல்கிறேன். புதன்கிழமை காலை மாமி கிணற்றடியில் விழுந்துவிட்டார்கள். வலது கையும் வலது காலும் வரவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. நாம் சொல்வதெல்லாம் காதில் விழுகிறது, புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தேறலாம், தேறாமலும் போகலாம், தினமும் என்ன நடக்குதுன்னு எழுதி வைங்க" என்றார். உங்கள் தம்பி இரண்டு நாள் இருந்துவிட்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார். கடையை இன்னொருவர் கையில் எத்தனை நாள் விடுவது?

எழுதுவதே எழுதுகிறோம், உங்களுக்கே எழுதலாம் என்று இந்த நோட்டை எடுத்தேன். இலங்கைக்கு, புத்தளம் பக்கம் போகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தாயைப் பற்றி ஒன்றும் மறைக்க மாட்டேன்.

ஸுமையா பிறந்து இன்றோடு பதினேழு நாள். நீங்கள் அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. சட்டை அளவாக இருக்கிறது. தேயிலை நல்ல வாசம்.

10 பிப்ரவரி, ஞாயிறு

பராஅத் இரவு வருகிறதே என்று வீட்டை ஒதுக்கினேன். கிழிந்த கிதாபுத் தாள், பழைய குர்ஆன் தாள் எல்லாவற்றையும் துணியால் பிடித்து ஒரு சாக்கில் போட்டு பள்ளிவாசல் மோதினாரிடம் கொடுத்தாயிற்று. நாளை தோணியில் கொண்டுபோய்க் கல் கட்டி ஆழத்தில் இறக்குவார்களாம்.

12 பிப்ரவரி, செவ்வாய்

துணி துவைத்தேன், துணி துவைத்தேன், துணி துவைத்தேன். ஒருபக்கம் குழந்தையுடையது, மறுபக்கம் மாமியுடையது. கொடியில் இடம் போதவில்லை.

மாமி இடது கையால் சைகை காட்டிப் பேனா கேட்டார்கள். கல்லூரியில் நான் வைத்திருந்த மைப்பேனாவையும் பழைய காலண்டர் தாள்களையும் கொடுத்தேன். மெதுவாக, வலமிருந்து இடமாக, அரபி எழுத்தில் ஒன்றரை வரி எழுதி என்னிடம் நீட்டினார்கள். வாய்விட்டு ஓத முடியாத துஆவை எழுதிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பிள்ளை பெற்ற நாற்பது கழியவில்லை. நான் அரபி எழுத்தைத் தொடவும் கூடாது, ஓதவும் கூடாது. முந்தானையால் பிடித்து வாங்கி, கண்ணில் ஒற்றி, அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் டின்னில் வைத்தேன். மாமி என்னையே பார்த்தார்கள். அப்புறம் இன்னொன்று எழுதினார்கள். அதையும் வைத்தேன்.

கூட ஒத்தாசைக்குப் பக்கத்து வீட்டு மீரா ராத்தா இல்லாதது கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. மகளுக்குப் பிரசவம் என்று தூத்துக்குடிக்குப் போனவர் இன்னும் வரவில்லை.

14 பிப்ரவரி, வியாழன்

ஜனத்தொகை எடுக்க வந்தார்கள். நம் நடுநிலைப் பள்ளி அருணாசலம் சார்தான். வாசலில் நாற்காலி போட்டேன், நான் கதவுக்கு உள்ளே நின்று பதில் சொன்னேன். வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் உண்டா, என்ன எரிக்கிறீர்கள். என் பேருக்கு நேரே பி.ஏ. வரலாறு என்று எழுதும்போது சார், "பரவால்லியே!" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பெரியம்மாவுக்கு எழுதப் படிக்க?"

"தெரியாது சார்."

உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கஞ்சி தரையில் ஓடுகிறது. மாமி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நோயாளிக்குக் கோபம் வருவது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

15 பிப்ரவரி, வெள்ளி

இன்றும் கஞ்சி இறங்கவில்லை. மூன்று கரண்டி.

17 பிப்ரவரி, ஞாயிறு

முதுகில் சிவப்பாகத் தோல் உரிந்திருக்கிறது. ஈரம் என்று நினைத்துப் பவுடர் போட்டேன். குழந்தைக்கு ராத்திரி வயிறு உப்பி ஒரே அழுகை. நான் ஒரே ஆள், இரண்டு தொட்டில் ஆட்டுகிறேன் மதினி.

ஒரு காரியம் செய்தேன். பீங்கான் தட்டில் குங்குமப்பூவால் குர்ஆன் ஆயத்து எழுதி, அதைக் கரைத்து நோயாளிக்குக் கொடுப்பார்களே, அந்த ஞாபகம் வந்தது. மாமி தம் கையால் எழுதிய துஆவை விடவா? டின்னிலிருந்து ஒரு தாளைத் துணியால் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். மை கரைந்து தண்ணீர் நீலமானது. ஒரு கரண்டி உதட்டில் வைத்தேன். மாமி வாயை இறுக்கிக்கொண்டார்கள். உள்ளே போனது பாதி, வழிந்தது பாதி. கண்ணிலிருந்தும் வழிந்தது. துஆ வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பி.ஏ. படித்தவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

20 பிப்ரவரி, புதன்

மீரா ராத்தா வந்துவிட்டார். பேரன் பிறந்த மிட்டாயை என் வாயில் திணித்துவிட்டு நேரே மாமியிடம் போனார். மாமி எழுதிக்கொண்டிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன புள்ளே, கஞ்சியில உப்புப் போட உனக்கு என்ன கேடு?"

"உப்பா? யார் சொன்னது?"

"இதோ, மாமி எழுதியிருக்காங்களே. உப்பில்லாத கஞ்சிய எத்தன நாளுதான் குடிக்கிறதுன்னு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அது துஆ இல்லையா ராத்தா?"

"துஆவா! தமிழு புள்ளே, தமிழு! எழுத்துதான் அரபி. எங்க காலத்துப் பொம்பளைக்கெல்லாம் இதுதானே எழுத்து. உங்க மாமா இலங்கையில யாவாரத்துக்கு இருந்தப்ப மாசா மாசம் கடுதாசி எப்படி வந்திச்சுன்னு நினைச்சே?"

டின்னைக் கீழே இறக்கினேன். கரைத்தது போகப் பதின்மூன்று தாள்கள். ராத்தா ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் இரண்டில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"முதுகு எரியுது. ஒருக்களிச்சுப் போடு."

"முதுகு எரியுது."

"புள்ளைக்கு வயிறு உப்பியிருக்கு. ஓம வாட்டர் குடு."

"முதுகு. அல்லாஹ்வுக்காகத் திருப்பிப் போடு."

"கணக்கெடுக்க வந்தவர்ட்ட எனக்குப் படிக்கத் தெரியும்னு சொல்லு."

"மவ ஸபூரா கடுதாசி வந்திச்சா?"

ராத்தாவும் நானும் சேர்ந்து மாமியைத் திருப்பினோம். முதுகில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். ராத்தா என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கரைத்துக் கொடுத்த தாளில் என்ன இருந்தது என்று மாமியிடம் கேட்டேன். பேனாவை வாங்கி எழுதினார்கள். ராத்தா வாசித்தார்: "அதான் குடிச்சாச்சே."

21 பிப்ரவரி, வியாழன்

உப்புப் போட்ட கஞ்சி, ஒரு கிண்ணம் முழுவதும் இறங்கியது. இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடுகிறோம்.

மாமியின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நான் தயங்கி நின்றேன். "நாற்பது கழியலையே ராத்தா" என்றேன்.

"தமிழுக்கு என்ன நாற்பது? இது குர்ஆனா? கீழ கிடந்தா எடுத்துக் கண்ணுல ஒத்துறது நம்ம மரியாதை. படிக்க யாரு வேணாங்கறா?"

பெட்டிக்குள் கல்லச்சில் அடித்த புத்தகங்கள். பம்பாய், கொழும்பு என்று அச்சுக்கூடத்தின் பெயர்களை ராத்தா வாசித்தார். தொழுகை முறை, பிரசவ மருந்து, மாலைப் பாட்டு, சமையல் குறிப்புக்கூட ஒன்று. அரபியில் இல்லாத நம் ட, ப, ங, ள எல்லாவற்றுக்கும் இருக்கிற எழுத்திலேயே புள்ளி கூட்டி ஒரு வழி பண்ணியிருக்கிறார்கள். ஒரு வரியை நானே ஓதுகிற மாதிரி கூட்டி வாசித்தேன். "பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியமாவது" என்று என் நாக்கில் தமிழ் வந்து நின்றது. குழந்தை மாதிரி மறுபடி மறுபடி வாசித்தேன். மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தப்பு விட்ட இடத்தில் மட்டும் இடது கை விரல் கட்டிலைத் தட்டியது.

கடல் தாண்டிப் போன ஆண்களும் வீட்டில் இருந்த பெண்களும் எத்தனையோ தலைமுறையாக இந்த எழுத்தில் சண்டை போட்டு, சமாதானமாகி, பிள்ளைக்குப் பேர் வைத்து, சொத்துப் பிரித்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் வரலாறு படித்தேன். எந்த ராஜா எந்த வருஷம் எந்த ஊரை எரித்தான் என்று இப்போதும் சொல்வேன். நான் வாழ வந்த வீட்டின் பெட்டியில் இருந்ததை எந்தப் பாடத்திலும் காணவில்லை. பாடத்தைக் குறை சொல்லி என்ன, ஒன்றரை வருஷமாக இந்தப் பெட்டியைத் தினமும் துடைத்தவள் நான்தானே. மாமி பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் என்னிடம் கேட்கும்போதெல்லாம் பாவம் என்று நினைத்திருக்கிறேன். உங்களுக்குப் போகும் கடிதங்களை ராத்தாதான் எழுதித் தருகிறார் என்று நினைத்திருந்தேன்.

23 பிப்ரவரி, சனி

உங்கள் தந்தி இன்றுதான் வந்தது. எட்டு மாதக் கர்ப்பம், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக. "உம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் இருக்கிறது" என்று. ராத்தா பக்கத்தில் இருந்ததால் சத்தமாக வாசித்துவிட்டேன்.

மாமி நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்கள். பேனா.

"எந்தக் கடுதாசி? எங்க?"

"வரலியே மாமி" என்றேன். பார்சல் கொண்டுவந்தவர் எங்கேயாவது தவறவிட்டிருப்பார் என்றும் சொன்னேன். ராத்தா அவர் வீட்டுக்கே போய் அவரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். "சட்டையும் தேயிலையும் தவறாம வந்திச்சு, கடுதாசி மட்டும் கால் முளைச்சு ஓடிருச்சாக்கும்!"

24 பிப்ரவரி, ஞாயிறு

அருணாசலம் சார் தெருவில் போகும்போது கூப்பிட்டேன்.

"சார், மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியும். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"பத்து நாள்ல படிச்சுட்டாங்களா?"

"சின்ன வயசுலேர்ந்தே தெரியும் சார். எனக்குத்தான் தெரியல."

"எந்த மொழி?"

"தமிழ். எழுத்து மட்டும் அரபி எழுத்து."

சார் தலையைச் சொறிந்தார். பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். "எந்த மொழியா இருந்தாலும் சரி, புரிஞ்சு எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும்னுதான் இருக்கு. எழுத்தப் பத்தி ஒண்ணும் இல்ல." ஜன்னலுக்கு வெளியே நின்று மாமி எழுதுவதைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் திண்டில் தாளை வைத்து, பழையதை அடித்து, திருத்திச் சுருக்குக் கையெழுத்துப் போட்டார். மாமி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி முழுவதும் குடித்தார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

25 பிப்ரவரி, திங்கள்

"கடுதாசி?"

"இல்ல மாமி."

26 பிப்ரவரி, செவ்வாய்

"கடுதாசி?" நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

28 பிப்ரவரி, வியாழன்

மாமிக்கு ராத்திரி காய்ச்சல். புண்ணிலிருந்து வந்ததாக இருக்கும் என்று டாக்டர் ஊசி போட்டார். போகும்போது வாசலில் நின்று, "வெளியூர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார்.

கஞ்சியைப் பார்த்தாலே தலையைத் திருப்புகிறார்கள். ராத்தா நயந்து பேசிப் பார்த்தார். "மவ கடுதாசி வர்ற அன்னைக்கு உடம்புல தெம்பு வேணாமா? ரெண்டு வாய் குடிங்க." ஒரு வாய் குடித்தார்கள். அந்த ஒரு வாயை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

1 மார்ச், வெள்ளி

மதினி, இந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒன்றும் மறைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நேற்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இதைப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. எட்டாம் தேதி, குழந்தையின் சட்டை மடிப்புக்குள் இருந்தது. நாலாக மடித்து நூலால் தைத்திருந்தீர்கள். மேலே தமிழில், "உம்மா கையில் மட்டும்" என்று எழுதியிருந்தீர்கள்.

நான் நூலைப் பிரித்தேன்.

உள்ளே அரபி எழுத்து. ஒரு எழுத்துகூட வாசிக்கவில்லை, குழந்தையின் மேல் ஆணையாக. "துஆதான் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்" என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லை, ஆனாலும் சத்தமாகச் சொன்னேன். சாக்கில் போட்டேன். அப்புறம் எடுத்துக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். மறுநாள் முழுவதும் சாக்கு என் காலடியில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மோதினார் வந்ததும் நானே வாயைக் கட்டி எடுத்துக் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். இது உங்கள் வீடு. நீங்கள் மச்சானோடு இலங்கைக்குப் போனதால்தான், மாமி தனியாக இருக்கிறார்களே என்று நான் இங்கே வந்தேன். எனக்குத் தாய் இல்லை, வாப்பா தந்த வீடும் இல்லை. பிறந்தது பெண் என்றதும் எல்லோரும் மிட்டாய் கொடுத்தார்கள். நான் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். இவளுக்கு வீடு எங்கே? விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் மாமி, "ஸபூராவுக்கு ஒரு விஷயம் எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வரட்டும்" என்று உங்கள் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு நீங்கள் திரும்பி வருவதைப் பற்றித்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைத்தான் எழுத முடியாமல் இருந்தேன். மாமி அந்தத் தாள்களை நீட்டியபோது, நாற்பது கழியவில்லை என்று முந்தானையால் வாங்கினேனே, அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் நீட்டுவது கடிதம் என்றால் நான் கடலுக்கு அனுப்பியதும் கடிதம்தான் என்று ஆகிவிடுமே. அதனால் எல்லாம் துஆவாகவே இருக்கட்டும் என்று விட்டேன். எட்டு நாள் ஒரு மனுஷி, "முதுகு எரியுது" என்று எழுதி எழுதி நீட்டியிருக்கிறார்கள். நான் கண்ணில் ஒற்றி ஒற்றி டின்னில் போட்டிருக்கிறேன்.

2 மார்ச், சனி

இன்று பராஅத். ஒருவருக்கொருவர் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் நாள். பகலிலேயே ராத்தாவை ரொட்டிக்கு மாவு அரைக்க அனுப்பிவிட்டு, மாமியின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி பேனாவைக் கேட்டு வாங்கினார்கள். ஏதோ எழுதினார்கள், கசக்கினார்கள். இரண்டாவது தாளை நீட்டினார்கள். இப்போது நானே கூட்டி வாசித்துவிடுவேன்.

"வீட்டுக்காகவா?"

"ஆமா மாமி."

"வீட்டப் பத்தி நான் அவளுக்கு எழுதல."

அப்புறம் நடுவில் கை ஓய்ந்து ஓய்ந்து, கால் மணி நேரம் எழுதினார்கள். நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, வாசலில் நின்று, "போறவ போ, என் மய்யித்துக்கும் வராதே" என்று சொன்னார்களாம். ஆறு வருஷமாகக் கடிதத்தில் அரிசி விலை எழுதினார்களாம், மழை பெய்ததை எழுதினார்களாம், இதை மட்டும் எழுதவில்லையாம். இந்தத் தைமாதம்தான் மனசு வந்து, அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், என்னைப் பொறுத்துக்கொள்வாயா என்று கேட்டு எழுதினார்களாம். அதற்குப் பதில்தான் அது.

நான் அவர்கள் காலைப் பிடித்தேன். என்னையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாமி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்கள்.  குழந்தை அழுதது, நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பாமலே இடது கையால் தாளில் கிறுக்கிப் பின்பக்கமாக நீட்டினார்கள். "புள்ளைக்குப் பால் குடு."

அவ்வளவுதான். இன்று முழுவதும் எனக்கு எழுதியது அது ஒன்றுதான்.

3 மார்ச், ஞாயிறு

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. காலையில் இரண்டு கரண்டி, மத்தியானம் ஒன்றும் இல்லை. பேனா பிடிக்க விரலில் பலம் இல்லை. ராத்தாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான் சொன்னேன். அவர் என்னிடம் பேசவில்லை, ஆனால் என் பங்குத் துணியையும் சேர்த்துத் துவைத்துவிட்டுப் போனார்.

நாளைக் காலை தர்கா தெரு காதிர் காக்கா திருச்சி வழியாகக் கொழும்புக்குப் போகிறார். புத்தளத்துக்கு அவருடைய மருமகன் கொண்டுவந்து தருவாராம். இந்த நோட்டைத் துணியில் தைத்து அவர் கையில் கொடுக்கிறேன். மாமியின் பதினான்கு தாளில் மிஞ்சிய பதின்மூன்றும், நேற்று எழுதிய நீளத் தாளும் உள்ளே இருக்கின்றன. அவர்களுடைய கையெழுத்து உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

தந்தியில் ஒரு வரி கேட்கலாம் என்று உங்கள் தம்பி மெட்ராஸிலிருந்து டிரங்க் காலில் சொன்னார். தபாலாபீஸ்காரர் எழுதியதை வாசித்துக் காட்டினால் மாமி நம்ப மாட்டார்கள் மதினி. நான் வாசிப்பதை எப்படி நம்புவார்கள்? உங்கள் கையெழுத்தையே கண்ணால் பார்க்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதுங்கள். பார்வை மங்குகிறது. நூலால் தைத்தே அனுப்புங்கள். மீரா ராத்தா பேருக்கு அனுப்பினாலும் சரிதான், அவர் பிரித்து மாமி கண்ணுக்கு நேரே பிடிப்பார். வீட்டைப் பற்றி நீங்கள் என்ன முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். அதை வேறு தாளில் எழுதுங்கள். இதில் அது வேண்டாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். அந்தக் கடிதத்தில் உங்கள் உம்மாவுக்கு என்ன எழுதியிருந்தீர்களோ, அதைத் திரும்ப எழுதுங்கள். காதிர் காக்காவின் மருமகன் புதன்கிழமையே கொழும்புக்குத் திரும்புகிறார், அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், காக்கா ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவருவார். சீக்கிரம் பதில் எழுதுங்கள் மதினி.

மைமூனா